‘இன்று ஆட வேண்டாம்’ என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

2020 டிசம்பர் 4ஆம் நாள் பிற்பகலைச் சேலம் மாவட்டத்தார் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கிய நடராஜன், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தம் முதல் சர்வதேச இருபது ஓவர் போட்டியில் பந்து வீசினார். 30 ஓட்டங்கள் கொடுத்து 3 விக்கெட்டுகளை எடுத்தார். எங்கள் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில்கூட அன்று மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள் பலர்.

அதே ஆட்டத்தில் நடந்த வேறொரு நிகழ்ச்சியைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். இந்திய இன்னிங்ஸின் கடைசி ஓவரில் ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவர் விழவில்லை, தொடர்ந்து ஆடி 44 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். இடைவேளையில் தலை சுற்றுவதாக அவர் கூறியதாகச் சொல்லப்பட்டது. அணி மருத்துவர் பரிசோதித்த பின் அவர் மீண்டும் களமிறங்கவில்லை. அவருக்குப் பதிலாக வந்த யுஸ்வேந்திர சஹல் 3 விக்கெட்டுகளை வீழ்த்தி ஆட்ட நாயகனானார். இந்தியா 11 ஓட்டங்களில் வென்றது. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஆட்ட நடுவரிடம் வாதிட்டதைத் தொலைக்காட்சியில் அனைவரும் கண்டோம். மறுநாள் தேநீர்க் கடைகளில் பேசப்பட்டதும் அதுவே: தொடர்ந்து ஆடி முடித்தவருக்கு எப்படித் தலையில் அடி என்று சொல்லலாம், இது தந்திரம்தானே?

தந்திரம் இல்லை என்பதே எங்கள் கருத்து. மூளை அதிர்வின் அறிகுறிகள் அடிபட்ட நொடியிலேயே தோன்ற வேண்டும் என்பதில்லை. சில நிமிடங்களோ சில மணி நேரமோ கழித்தும் தோன்றலாம். அன்று குறை சொல்ல வேண்டுமென்றால், அடிபட்டவுடனேயே அவரை யாரும் களத்துக்குள் சென்று பரிசோதிக்கவில்லை என்பதைச் சொல்லலாம். அடுத்த பந்தும் தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எங்களுக்கு விருப்பமில்லை.

மூளை அதிர்வு என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆங்கிலத்தில் கன்கஷன் என்பார்கள். மண்டையோட்டுக்குள் மூளை ஒரு நீர்மத்தில் மிதந்த நிலையில் இருக்கிறது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் தலை திடீரென்று நின்றாலோ, ஒரு பக்கமாகச் சுழன்றாலோ, உள்ளிருக்கும் மூளை சற்றுத் தாமதித்து அசைகிறது. அந்த அசைவில் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. உயிரணுக்களின் வேதிச் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி தேவைப்படுகிறது. எலும்பு உடைவதில்லை, இரத்தம் கசிவதில்லை. ஆகவே சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரிவதில்லை. பெரும்பாலோர் நினைவிழப்பதும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், வாந்தி உணர்வு, வெளிச்சமும் ஓசையும் தாங்காமை, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, காரணமற்ற எரிச்சல், தூக்கக் குலைவு என்பவையே அதன் அடையாளங்கள். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை அசைவதை முழுமையாகத் தடுக்க அதனால் இயலாது.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. அதன் ஒரு கிளை நம் வேலூரைத் தொட்டுச் செல்கிறது.

1962 மார்ச் 17 அன்று, மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், இந்திய அணித் தலைவர் நரி கான்ட்ராக்டரின் தலையின் வலப்பக்கத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து பட்டது. அக்காலத்தில் தலைக்கவசம் இல்லை. பிறர் துணையோடு அவர் ஓய்வறைக்குத் திரும்பினார். சிறிது நேரத்தில் நிலைமை மோசமாகி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மூளை அறுவை நிபுணர் அந்தத் தீவில் இல்லை. வேறொரு தீவான டிரினிடாடிலிருந்து வர வேண்டியிருந்தது. அதுவரை காத்திருந்தால் உயிர் தங்காது என்ற நிலையில் உள்ளூர் அறுவை மருத்துவர் முதல் அறுவையைச் செய்தார்; பின்னர் நிபுணர் வந்து இரண்டாம் அறுவையைச் செய்தார். மேற்கிந்தியத் தீவுகள் அணித் தலைவர் ஃபிராங்க் வொரெல் இரத்தம் கொடுத்தார். இந்திய வீரர்களும் கொடுத்தார்கள். கான்ட்ராக்டருக்கு அப்போது வயது 28. பல நாள்கள் நினைவின்றிக் கிடந்தார்.

உயிர் பிழைத்துத் தாயகம் திரும்பிய அவருடைய மண்டையோட்டில் உலோகத் தகடு பொருத்தியவர், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் ஜேக்கப் சாண்டி. நம் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவராக மதிக்கப்படுபவர். 1910இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கனடாவின் மாண்ட்ரியால் நகரில் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். அங்கேயே தங்கிவிடாமல் 1949இல் வேலூருக்கு வந்து இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் பா. ராமமூர்த்தி இத்துறையைத் தொடங்கினார். தலையில் அடிபட்டால் விதிப்படி என்று விட்டுவிடும் நிலையை நம் மாநிலத்தில் மாற்றியவர்கள் இவ்விருவரும் இவர்களிடம் பயின்றவர்களுமே. சாண்டிக்கு 1964இல் பத்மபூஷண் விருது கிடைத்தது, 2007இல் மறைந்தார்.

சாண்டியை எவரும் விளையாட்டு மருத்துவர் என்று அழைத்ததில்லை. அப்படி ஒரு துறை நம் நாட்டில் அப்போது பெயரளவிலும் இல்லை. கால்கை வலிப்புக்கான அறுவை, மூளைக் கட்டிகள், மாணவர்களைப் பயிற்றுவித்தல் ஆகியவையே அவருடைய வாழ்நாள் பணி. ஆயினும் அடிபட்ட ஓர் ஆட்டக்காரரின் மண்டையோட்டை அவர் சீர்செய்தார். அந்த ஆட்டக்காரர் மீண்டும் முதல்தரக் கிரிக்கெட் ஆடினார். இந்திய அணிக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை. நரம்பியல் அறுவை மருத்துவருக்கும் விளையாட்டுக்கும் இடையே அன்று இருந்த உறவு இதுதான்: அடிபட்ட பின், உடைந்த பின், கசிந்த பின் அவரிடம் கொண்டுபோவார்கள். அடிபடும் முன்போ, இரண்டாம் முறை அடிபடாமல் இருக்கவோ அவரை யாரும் கேட்டதில்லை.

அந்த உறவை மாற்றியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் கான்டு. அவரும் அறுவை மருத்துவர்தான். காங்கார்ட் என்னும் சிறு நகரின் எமர்சன் மருத்துவமனையில் பணிபுரிந்தவர். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பின் தலைவராகவும் இருந்தார். 1986இல், மூளை அதிர்வு ஏற்பட்ட ஆட்டக்காரர் எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்பதற்கான வழிகாட்டி ஒன்றை அவர் வெளியிட்டார். அதிர்வை மூன்று நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு காலம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று சொன்ன வழிகாட்டி அது. அதுவரை அந்த முடிவு பயிற்சியாளரின் விருப்பத்துக்கும் ஆட்டக்காரரின் வீறாப்புக்கும் விடப்பட்டிருந்தது.

அவருடைய வாழ்க்கையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பின்னர் வருகிறது. 2001இல் வியன்னாவில் விளையாட்டில் மூளை அதிர்வு பற்றிய முதல் சர்வதேச மாநாடு நடந்தது. முதல் நாளிலேயே பட்டியல் பார்த்து இத்தனை நாள் ஓய்வு என்று விதிப்பதைவிட, ஒவ்வொருவரும் எவ்வாறு குணமடைகிறார் என்பதைக் கவனித்து முடிவெடுப்பதே சரி என்று அந்த மாநாட்டு அறிக்கை கூறியது. எந்த நிலைப் பட்டியலையும் அது ஏற்கவில்லை. அந்த அறிக்கையை எழுதியோரில் கான்டுவும் ஒருவர். தம் பெயரால் அறியப்பட்ட பட்டியல் கைவிடப்படுவதற்குத் தாமே கையெழுத்திட்டவர் என்று சொல்லலாம். மருத்துவர்களிடம் இது அரிய குணம். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

அவரிடம் வந்த நோயாளிகளுள் கிறிஸ் நோவின்ஸ்கி என்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரரும் ஒருவர்; பின்னாளில் தொழில்முறை மல்லராக இருந்தவர். இதுவரை எத்தனை முறை மூளை அதிர்வு ஏற்பட்டது என்று கான்டு கேட்டார். இந்த ஒரு முறைதான் என்றார் அவர். தலையில் அடிபட்டுக் கண்முன் மின்னல் தெரிந்தது, தலை சுற்றியது, சற்று நேரம் எதுவும் நினைவில் நில்லாமல் போனது எத்தனை முறை என்று கேள்வியை மாற்றிக் கேட்டதும், எண்ண முடியாத அளவுக்கு விடை வந்தது. இருவரும் சேர்ந்து 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மையம் ஒன்றும் உருவானது. திரும்பத் திரும்ப அடிபட்ட ஆட்டக்காரர்களின் மூளையில், பல ஆண்டுகள் கழித்து நினைவும் குணமும் சிதையும் நோயை அந்த மையம் ஆராய்ந்து வருகிறது. 2012இல் வெளிவந்த ஒரு நூலில், 14 வயதுக்கு முன் குழந்தைகள் ஆளோடு ஆள் மோதி ஆடும் ஆட்டத்தை ஆட வேண்டாம் என்றும், கால்பந்தில் தலையால் பந்தை முட்ட வேண்டாம் என்றும் கான்டு எழுதினார். கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆட்டத்தையே அழிக்கப் பார்க்கிறார் என்றார்கள்.

மண்டையோட்டைத் திறக்கத் தெரிந்த ஒருவர் தம் பிற்பாதி வாழ்க்கையைத் திறக்கத் தேவையில்லாமல் செய்வதில் கழித்தார். விளையாட்டு மருத்துவத்தில் நரம்பியல் அறுவை மருத்துவரின் மிகச் சிறந்த கருவி கத்தியன்று; ‘இன்று ஆட வேண்டாம்’ என்ற சொல்தான். ஆனால் அந்தச் சொல் அறுவை அரங்கில் செல்லுபடியாவதுபோலக் களத்தில் செல்லுபடியாவதில்லை. அதைக் களத்தில் செல்லுபடியாக்கும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்கிறது. சர்வதேசக் கிரிக்கெட்டில் 2019 முதல் அதற்கு விதி உண்டு. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக மற்றொருவர் முழுமையாக ஆடலாம். நம் ஊர்க் களங்களில் அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

நாமக்கல், இராசிபுரம், ஆத்தூர் சுற்று வட்டாரங்களில் பொங்கல் முதல் கோயில் திருவிழாக்கள் முடியும்வரை மின்விளக்கு வெளிச்சத்தில் கபடிப் போட்டிகள் விடிய விடிய நடக்கின்றன. பாடி வருபவரைக் காலைப் பிடித்து இழுக்கும்போது அவர் தலை தரையில் மோதுகிறது. தடுப்பவரின் நெற்றியில் பாடி வருபவரின் முழங்கால் மோதுகிறது. இருவர் ஒரே நேரத்தில் பாய்ந்தால் தலையும் தலையும் மோதுகின்றன. மேட் விரித்த களத்தைவிடக் காய்ந்த மண் களம் கடினமானது. கார்க் பந்தில் தலைக்கவசமின்றி ஆடும் சிறுவர்களையும், மாடு தூக்கி எறிந்தவர்களையும் தனியே சொல்ல வேண்டியதில்லை. மோதிய வீரர் எழுந்து நின்றுவிட்டால் கைதட்டுகிறார்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள், சோடா கொடுக்கிறார்கள், அடுத்த பாட்டுக்கு அனுப்புகிறார்கள். கபடியில் வெளியே அமர்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் எப்போதும் உண்டு. கிரிக்கெட் உலகம் நெடுங்காலம் வாதாடிப் பெற்ற வசதி நம் மண்ணின் ஆட்டத்தில் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தலைக்காகப் பயன்படுத்துவதுதான் இல்லை.

எழுந்து நின்றதாலேயே ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. 1998 பிப்ரவரியில் டாக்காவில், இந்திய அணிக்கு ஆடியவரான ராமன் லாம்பா மட்டையாளருக்கு மிக அருகில் தலைக்கவசமின்றி நின்றார். அந்த ஓவரில் இன்னும் சில பந்துகளே மீதி இருந்தன என்பதால் கவசம் வேண்டாம் என்றார். பந்து நெற்றியோரத்தில் பட்டது. நடந்தே களத்தை விட்டு வெளியேறினார். அதன் பின்னரே நினைவிழந்தார். மூன்று நாளில் உயிர் பிரிந்தது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் மெல்லச் சேரும்போது இவ்வாறு நடக்கலாம். அடிபட்டவர் முதலில் பேசுவார், நடப்பார், சாப்பிடுவார், பிறகு சரிவார். அந்த இடைவெளியில் மருத்துவமனைக்கு வந்தவர்களை எங்களால் பெரும்பாலும் காப்பாற்ற முடிகிறது.

ஆகவே தலையில் அடிபட்டவரைக் கவனிக்கும் வீட்டார் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். தலைவலி நேரம் செல்லச் செல்லக் கூடினாலும், ஒரு முறைக்கு மேல் வாந்தி எடுத்தாலும், எழுப்ப எழுப்ப மயங்கினாலும், பேச்சு குழறினாலும், ஒரு கையோ காலோ வலுவிழந்தாலும், வலிப்பு வந்தாலும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தாலும் நேரத்தை வீணாக்காமல் 108ஐ அழையுங்கள். கழுத்தும் வலிக்கிறது என்று சொன்னால் அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிக்கொண்டு வண்டி வரும்வரை காத்திருங்கள். வலிப்பின்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், அது போதும். முதல் நாளில் மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை கொடுக்க வேண்டாம்; ஆஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். தூங்கவே விடக்கூடாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. பரிசோதனை முடிந்து மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிய பின் தூங்குவதில் தவறில்லை. தூக்கம் மூளைக்கு நல்லதே. இரவில் ஓரிரு முறை எழுப்பிப் பார்க்கச் சொன்னால் மட்டும் அவ்வாறே செய்யுங்கள்.

இங்கே எங்கள் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள், ‘ஸ்கேன் நார்மல், போகலாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு நாங்களும் நோயாளிகளை அனுப்பியிருக்கிறோம். கூட்டம் மிகுந்த இரவுகளில் அந்த வாக்கியம் எங்களுக்கு வசதியாக இருந்தது. கேட்டவர்களுக்கோ அது ‘ஒன்றுமில்லை, நாளை ஆடலாம்’ என்று கேட்டது. ஸ்கேன் சொல்வது இரத்தக் கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை என்பதை மட்டுமே. மூளை அதிர்வு உண்டா இல்லையா என்பதை ஸ்கேன் சொல்லாது. அடிபட்டவரோடு பேசி, நடக்கச் சொல்லி, நினைவைச் சோதித்தே அறிய முடியும். அதைப் போலவே, மாவட்டத் தேர்வுக்குச் செல்லும் மாணவனுக்கு உடல்தகுதிச் சான்று கேட்டு நின்றவர்களின் அவசரத்துக்கு இரங்கி, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் கையெழுத்திட்ட நாள்களும் உண்டு. கெடுதல் எதுவும் நேரவில்லை என்பது எங்கள் திறமையன்று.

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் முதன்மையாகப் பாடுபவன். தடுப்பாட்டக்காரரின் முழங்கால் நெற்றியோரத்தில் மோதியது. மூன்றாம் நாள் தாயும் தாய்மாமனும் அழைத்து வந்தார்கள். தந்தை லாரியோடு நாக்பூரில் இருந்தார்.

தாய்மாமன் நேராகவே கேட்டார்: “ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லீட்டாங்களே சார். ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்குதுங்க. இவன் இல்லாம டீமே இல்லைங்க.” தாயின் கவலை வேறு: “படிப்பு போயிருமாங்க சார்? அடுத்த வருசம் பன்னெண்டாவதுங்க.” மாணவன் எல்லாக் கேள்விகளுக்கும் நன்றாக இருக்கிறேன் என்றே விடையளித்தான். மாமனைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன பிறகு, புத்தகத்தில் வரிகள் நகர்வதுபோல் இருக்கின்றன என்றும், வகுப்பறை விசிறிச் சத்தமே தாங்கவில்லை என்றும் மெல்லச் சொன்னான். விடுதியில் இரவு பத்து மணிவரை படிப்பு நேரம். அதிலும் அவன் உட்கார்ந்திருக்கிறான். அடிபட்டதை வார்டனிடம் சொல்லவே இல்லை.

நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் இது. மூளை அதிர்வு ஆட்டத்தை மட்டும் பாதிப்பதன்று. படிப்பையும் அது பாதிக்கிறது. அடிபட்ட மூளையை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பாடநூலின் முன் அமர்த்துவது, சுளுக்கிய காலோடு ஓடச் சொல்வதற்கு ஒப்பானது. மறுபுறம், பயந்துபோன சில பெற்றோர் பிள்ளையை ஒரு மாதம் இருட்டறையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். அதுவும் இன்று ஏற்கப்படுவதில்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆறாவது சர்வதேச மாநாட்டின் முடிவுகள் தெளிவானவை. முதல் ஒன்றிரண்டு நாள்கள் மிதமான ஓய்வும், கைப்பேசித் திரையைக் குறைத்தலும் வேண்டும். அதன் பின் நடைப்பயிற்சி போன்ற எளிய அசைவு குணமடைதலை விரைவுபடுத்துகிறது. பாடத்தை அரை மணி நேரம் படித்து இடைவெளி விட்டுத் தொடங்கலாம். முழு வகுப்பும் துன்பமின்றி முடிகிறது என்ற நிலை வந்த பிறகே மோதும் ஆட்டத்தை எண்ண வேண்டும். ஆட்டத்திலும் படிப்படியாகத்தான்: நடை, ஓட்டம், தனியாகக் கால்வேலைப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின் பிடி ஆட்டம், கடைசியில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். குணமடையாத நிலையில் இரண்டாம் முறை அடிபடுவதே அஞ்சத்தக்கது. அறிகுறிகள் பல மாதம் நீளலாம், மிக அரிதாக இளம் வயதினருக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்கள் கருத்துக்கு மறுப்பு உண்டென்பதை அறிவோம். கபடி சிலருக்குப் பொழுதுபோக்கன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், காவல்துறையிலோ இரயில்வேயிலோ வேலை, சுழற்கோப்பையோடு கிடைக்கும் பரிசுப் பணம் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. ‘நீங்கள் எளிதாக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறீர்கள், அந்த வாய்ப்பை யார் திரும்பக் கொடுப்பார்கள்’ என்று ஒரு பயிற்சியாளர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. முழு விடை எங்களிடம் இல்லை. நாங்கள் ஆட்டத்துக்கு எதிரானவர்கள் அல்லர். சர்க்கரை நோயும் உடற்பருமனும் இளமையிலேயே வருவதை அன்றாடம் பார்க்கும் எங்களுக்கு, ஆடாத பிள்ளைகளைப் பற்றியே கவலை அதிகம். நாங்கள் கேட்பது ஓர் ஆட்டத்தை, சில வேளை ஒரு தொடரை. தேர்வாளர்களும் கொஞ்சம் மனம் வைத்தால், அடிபட்ட மாணவனுக்கு மறுதேர்வு என்ற ஒன்றை அவர்களால் ஏற்படுத்த முடியும்.

போட்டி நடத்தும் ஊர்க் குழுக்களிடம் எங்கள் வேண்டுகோள் இதைவிடச் சிறியது. மின்விளக்கு, ஒலிபெருக்கி, சுழற்கோப்பை ஆகியவற்றுக்குச் செலவிடுகிறீர்கள். அணி எதையும் சாராத ஒருவரை, ஓர் ஆசிரியரையோ செவிலியரையோ, களத்தோரம் அமர்த்துங்கள். தலையில் அடிபட்டவரை அன்றைய ஆட்டத்திலிருந்து விலக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள். அவருடைய முடிவை நடுவரும் மாற்றக் கூடாது என்று முன்கூட்டியே அறிவியுங்கள். மருத்துவ அறிவு அதிகம் தேவைப்படாத பணி இது. ஐயம் வந்தால் வெளியே அமர்த்துவது, அவ்வளவே.

அதுவரை அந்த அதிகாரம் வீட்டாரிடமே இருக்கிறது. அந்த மாணவனின் தந்தையிடம் அன்று கைப்பேசியில் பேசினோம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். “நீங்க வேண்டாம்னா வேண்டாங்க சார். மச்சான்கிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அணி அரையிறுதியில் தோற்றது. மாணவன் இரண்டாம் வாரம் முழு வகுப்புக்கும், ஐந்தாம் வாரம் களத்துக்கும் திரும்பினான். வேறு ஒரு சிகிச்சைக்காக அண்மையில் இங்கு வந்திருந்த தாய்மாமன், வெளிநோயாளர் பிரிவில் எங்களைக் கண்டும் காணாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.